எபிஜெனெடிக்ஸ், குரோமாட்டின், நோய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபணுப் பரிசோதனை அறிக்கையில் 'மெத்திலேஷன்' என்ற சொல்லைப் பார்த்துக் குழம்பியவர்கள், உயிரியல் படிக்கும் மாணவர்கள், 'உங்கள் மரபணுக்களை நீங்களே மாற்றலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் என எல்லோரும் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. சில பதில்கள் நீளம், சில ஒரு பத்தியோடு சரி.

எபிஜெனெடிக்ஸ் என்றால் என்ன? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

டிஎன்ஏவின் எழுத்துகள் அப்படியே இருக்க, மரபணுக்கள் இயங்கும் விதம் மட்டும் மாறி, செல் பிரிந்த பிறகும் அந்த மாற்றம் நீடிப்பதை ஆராயும் துறை. இரண்டு வரி முடிந்தது.

கொஞ்சம் விரித்தால்: ஈரல் செல்லிலும் தோல் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். இருந்தும் ஈரல் செல் பிரிந்தால் ஈரல் செல்தான் வருகிறது. திடீரென்று ஒருநாள் அது தோலாகிவிடுவதில்லை. எந்த மரபணுக்கள் இயங்க வேண்டும், எவை அடங்கிக் கிடக்க வேண்டும் என்ற நினைவு செல்லுக்குள் எங்கோ பதிந்திருக்கிறது. கான்ராட் வாடிங்டன் 1942இல் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தபோது டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம்கூடத் தெரியாது. அது 1953இல்தான் வெளிவந்தது. அந்த நினைவு எங்கே இருக்கிறது என்று தேடிப் போனவர்கள் வந்து சேர்ந்த இடம் குரோமாட்டின்.

குரோமாட்டின் என்பது குரோமோசோமா?

குரோமோசோம் எதனால் ஆனதோ அதுதான் குரோமாட்டின்: டிஎன்ஏவும் அதைச் சுற்றி வைத்திருக்கும் புரதங்களும் சேர்ந்த கலவை. ஒரு மனிதச் செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. இதைச் சாத்தியமாக்குவது ஹிஸ்டோன் என்ற புரதங்கள். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு உருளை. நூல்கண்டில் நூல் சுற்றியதுபோல அதன்மேல் 147 எழுத்து நீள டிஎன்ஏ ஏறத்தாழ ஒன்றே முக்கால் சுற்றுச் சுற்றியிருக்கும். இந்த அலகுக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். ரோஜர் கோர்ன்பெர்க் 1974இல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முன்வைத்தார். 1997இல் அணு அளவில் அதன் வடிவம் வெளியானது. ஒரு செல்லில் இவை சுமார் 3 கோடி இருக்கும்.

இடப் பற்றாக்குறைக்காகச் செய்த ஏற்பாடு என்று மட்டும் இதை நினைத்துவிடக் கூடாது. இறுக்கமாகச் சுற்றிய பகுதியில் மரபணுவைப் படிக்கும் புரதங்கள் எளிதில் நுழைய முடியாது, தளர்ந்த பகுதியில் நுழையலாம். எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்பது செல்லுக்குச் செல் வேறு. ஈரலுக்கும் தோலுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

மெத்தில், அசெட்டைல் என்கிறார்களே, அவை எங்கே ஒட்டுகின்றன?

இரண்டும் சிறு வேதிக் குழுக்கள்; டிஎன்ஏவிலோ ஹிஸ்டோனிலோ குறிபோல ஒட்டும். மெத்தில் ஒட்டுவதுதான் மெத்திலேஷன். அவை ஒட்டுவது இரண்டு இடங்களில். முதல் இடம் டிஎன்ஏவே. சைட்டோசின் என்ற எழுத்துக்கு அடுத்து குவானின் வரும் இடங்கள் மனித மரபணுத் தொகுதியில் சுமார் 2.8 கோடி உண்டு. ஒரு சாதாரண உடல் செல்லில் அவற்றில் 70 முதல் 80 சதவீதம் இடங்களில் சைட்டோசின்மேல் மெத்தில் ஒட்டியிருக்கும். செல் பிரியும்போது டிஎன்எம்டி1 என்ற நொதி பழைய இழையைப் பார்த்துப் புது இழையிலும் அதே இடங்களில் மெத்திலை ஒட்டிவிடும். நினைவு தலைமுறை தாண்டி (செல்லின் தலைமுறையைச் சொல்கிறேன்) போவது இப்படித்தான்.

இரண்டாவது இடம் ஹிஸ்டோன்களின் வால். உருளையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இந்த வால்களில் மெத்தில், அசெட்டைல், பாஸ்பேட் எனப் பலவும் ஒட்டலாம். ஒரே ஒரு இடத்தை எடுத்துப் பார்ப்போம்: எச்3 ஹிஸ்டோனின் வாலில் 27ஆம் அமினோ அமிலம், லைசின். அங்கே அசெட்டைல் ஒட்டினால் அந்தப் பகுதி சுறுசுறுப்பாக இயங்குகிறது என்று பொருள். அதே இடத்தில் மூன்று மெத்தில் ஒட்டினால் அந்தப் பகுதி அடக்கப்பட்டிருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. இந்த 27ஆம் இடம் புற்றுநோய் பற்றிய பதிலில் திரும்ப வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறியை ஒட்டும் நொதிகள், நீக்கும் நொதிகள், குறியைப் பார்த்து அதற்கேற்ப வேலை செய்யும் புரதங்கள் என மூன்று வகை உண்டு. இவை போக, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து நியூக்ளியோசோமை நகர்த்தும் இயந்திரங்களும் உண்டு. வின்சென்ட் ஆல்ஃப்ரி 1964லேயே ஹிஸ்டோன் அசெட்டைலுக்கும் மரபணு இயக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னார். பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1996இல் டேவிட் ஆலிஸ் குழு ஒட்டும் நொதியையும், ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழு நீக்கும் நொதியையும் அடையாளம் கண்டபிறகுதான் துறை சூடு பிடித்தது.

மெத்தில் இருந்தால் மரபணு அடங்கியிருக்கும் என்று அர்த்தமா?

மரபணுவின் தொடக்கப் பகுதியில் நிறைய மெத்தில் இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். மரபணுவின் உடல் பகுதியில் இருந்தால் அது நன்றாக இயங்கிக்கொண்டும் இருக்கலாம். அதைவிடச் சிக்கலான விஷயம், மெத்தில் வந்ததால் மரபணு அடங்கியதா, அல்லது மரபணு ஏற்கெனவே அடங்கிவிட்டதால் மெத்தில் வந்து உட்கார்ந்ததா என்பது. இரண்டும் நடக்கிறது. எந்த ஆய்வு முடிவைப் படித்தாலும் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தச் செல்லில் பார்த்தார்கள்? அந்த மாற்றம் காரணமா, விளைவா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத ஆய்வை வைத்துக்கொண்டு யாராவது எதையாவது விற்க வந்தால் நகர்ந்துவிடலாம்.

அப்படியானால், நோய்க்குக் காரணமே இதுதான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய நோய் எது?

குரோமாட்டின் இயந்திரத்தின் பாகமே உடைந்துபோகும் பிறவி நோய்கள். அங்கே வாதத்துக்கு இடமில்லை. ஒரு மரபணு கெட்டது, நோய் வந்தது. ரெட் நோய்க்குறி நல்ல உதாரணம். ஒரு பெண் குழந்தை பிறந்து 6 முதல் 18 மாதம் வரை பார்வைக்குச் சாதாரணமாக வளரும். அப்புறம் கற்றுக்கொண்ட ஓரிரு சொற்கள் போகும், பொருளைப் பிடிக்கும் கை அந்தத் திறனை இழந்து, கைகளைப் பிசைந்துகொண்டே இருக்கத் தொடங்கும். ஹுடா ஸோக்பி குழு 1999இல் இதற்குக் காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்இசிபி2 மரபணு என்று கண்டறிந்தது. இந்த மரபணு உருவாக்கும் புரதத்தை ஏட்ரியன் பேர்ட் குழு சில ஆண்டுகளுக்கு முன்பே, 1992இல், நோய்க்குச் சம்பந்தமே இல்லாமல் கண்டுபிடித்திருந்தது. மெத்தில் ஒட்டிய டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும் புரதம் அது. குறிகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன, அவற்றைப் படிக்கிற ஆள் சரியில்லை.

இதில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது 2007இல் பேர்ட் குழு வெளியிட்ட எலி ஆய்வு. இந்த மரபணு அடக்கப்பட்டு, நோய் முற்றிய எலிகளில் அதைத் திரும்ப இயங்கவைத்தார்கள். சாகும் நிலையில் இருந்த எலிகள் தேறின. அதாவது நரம்பு செல்கள் அழிந்துவிடவில்லை, வேலை செய்ய முடியாமல்தான் இருந்தன. அப்படியானால் மனிதருக்கும் மரபணுவைச் செலுத்திவிடலாமே என்றால், அங்கே ஒரு சிக்கல்: இதே மரபணு இரட்டிப்பானாலும் கடுமையான நோய் வருகிறது, முக்கியமாக ஆண் குழந்தைகளுக்கு. குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. மரபணு சிகிச்சை முயற்சிகள் இந்தக் குறுகிய இடைவெளிக்குள்தான் அளவைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதே வரிசையில் கபுகி நோய்க்குறி உண்டு. ஹிஸ்டோனில் மெத்தில் ஒட்டும் கேஎம்டி2டி மரபணுவின் பிழைதான் பெரும்பாலும் காரணம், 2010இல் தெரியவந்தது. ஐசிஎஃப் நோய்க்குறியில் டிஎன்ஏமேல் புதிதாக மெத்தில் ஒட்டும் டிஎன்எம்டி3பி பழுதாகி, நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது.

அம்மாவிடமிருந்து வந்ததா, அப்பாவிடமிருந்து வந்ததா என்பது ஏன் முக்கியம்? இரண்டும் ஒரே மரபணுதானே?

பெரும்பாலான மரபணுக்களுக்கு முக்கியமில்லை. ஆனால் நூற்றுச் சொச்சம் மரபணுக்களில், முட்டையிலோ விந்தணுவிலோ வைத்த மெத்தில் குறி கருவுற்ற பிறகும் தங்கிவிடுகிறது. அதனால் ஒரு பெற்றோரின் பிரதி மட்டுமே இயங்கும். 1984இல் அஸிம் சுரானி ஒரு பக்கமும், மெக்ராத், சோல்ட்டர் இன்னொரு பக்கமும் எலிக் கருக்களில் இதைக் காட்டினார்கள்: தாயின் மரபணுத் தொகுதி இரண்டு மட்டும் இருந்தாலும், தந்தையுடையது இரண்டு மட்டும் இருந்தாலும், கரு வளராது.

மனிதரில் 15ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இதற்கு எடுத்துக்காட்டு. தந்தை தந்த பிரதியில் அந்தத் துண்டு இல்லாமல் போனால் பிராடர்-வில்லி: பிறக்கும்போது துவண்ட உடல், பால் குடிக்கவே திணறும் குழந்தை, சில வருடங்களில் அடங்காத பசி. தாய் தந்த பிரதியில் அதே துண்டு போனால் ஏஞ்சல்மேன்: பேச்சு வராமை, வலிப்பு, தடுமாறும் நடை, அடிக்கடி சிரிப்பு. காணாமல் போனது ஒரே துண்டு, நோய் இரண்டு. ஏஞ்சல்மேனில் குற்றவாளி யுபிஇ3ஏ. நரம்பு செல்களில் தாயின் பிரதி மட்டும் இயங்கும். தந்தையின் பிரதி நல்ல நிலையில்தான் இருக்கிறது, ஒரு நீண்ட ஆர்என்ஏ (டிஎன்ஏவைப் பார்த்து எழுதப்படும் நகல்) அதை அடக்கி வைத்திருக்கிறது. அந்த ஆர்என்ஏவை நீக்கித் தந்தையின் பிரதியை எழுப்பும் மருந்துகள் மனிதச் சோதனையில் இருக்கின்றன. பிராடர்-வில்லியைக் கண்டறிய முதலில் செய்வது டிஎன்ஏ மெத்திலேஷன் பரிசோதனைதான்; 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும்.

எதுவும் காணாமல் போகாமல், குரோமாட்டின் தளர்ந்ததால் மட்டும் வரும் நோய் உண்டா?

கிட்டத்தட்ட அப்படி ஒன்று உண்டு. இந்தத் துறையில் என்னை அதிகம் வியக்கவைத்தது இதுதான். எஃப்எஸ்எச்டி என்ற தசைச் சிதைவு. முகம், தோள்பட்டை, மேல்கை தசைகள் மெல்ல வலுவிழக்கும். 4ஆம் குரோமோசோமின் நுனியில் சுமார் 3,300 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். நலமாக இருப்பவர்களில் 11 முதல் 100 தடவை வரும். அத்தனை தடவை வருவதால் அந்தப் பகுதி மெத்தில் நிறைந்து இறுகிப்போய் இருக்கும். 1 முதல் 10 ஆகக் குறைந்தால் இறுக்கம் தளர்கிறது. உள்ளே டக்ஸ்4 என்ற மரபணு ஒளிந்திருக்கிறது. கருவின் முதல் நாட்களில் மட்டும் வேலை செய்துவிட்டு அடங்க வேண்டிய மரபணு அது. தசையில் அது விழித்தால் தசைக்கு நஞ்சு.

முழுக்கவே, அதாவது பூஜ்யமாக, அழிந்துவிட்டால்? நோய் வருவதில்லை, ஏனென்றால் டக்ஸ்4உம் சேர்ந்து போய்விடுகிறது. குறைந்திருந்தாலும், அந்த நுனி டக்ஸ்4இன் செய்தியை (அதன் ஆர்என்ஏவை) நிலைக்கச் செய்யும் வகையாக இருந்தால்தான் நோய். இன்னொரு கோணமும் உண்டு: துண்டுகளின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாமலே, அந்தப் பகுதியை இறுக்கி வைக்கும் எஸ்எம்சிஎச்டி1 புரதத்தில் பிழை வந்தாலும் இதே நோய் வருகிறது. வேறு வழியில் போய் அதே தளர்வு, அதே நோய்.

டிஎன்ஏ மடியும் விதத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மரபணுவை முடுக்கும் பகுதி அதிலிருந்து லட்சக்கணக்கான எழுத்துகள் தள்ளி இருக்கலாம். குரோமாட்டின் வளைந்து மடிந்து இரண்டையும் அருகில் கொண்டுவரும். யார் யாரோடு சேரலாம் என்பதற்கு எல்லைகள் உண்டு. 2015இல் ஸ்டெஃபான் முண்ட்லோஸ் குழு, விரல்கள் குட்டையாகவோ ஒட்டியோ கூடுதலாகவோ பிறந்த சில குடும்பங்களை ஆராய்ந்தது. அவர்களிடம் இபிஎச்ஏ4 என்ற மரபணுவுக்கு அருகே எல்லை குலைந்திருந்தது. அந்த மரபணுவை முடுக்க வேண்டிய பகுதி, பக்கத்து மரபணுவைப் போய் முடுக்கிக்கொண்டிருந்தது. அதே மாற்றத்தை எலியில் செய்தபோது எலியின் விரல்களும் மாறின. விரல்களை மாற்றியது எந்த மரபணுவின் எழுத்துப் பிழையும் அல்ல, குலைந்த எல்லைதான்.

புற்றுநோயில் எபிஜெனெடிக்ஸின் பங்கு எவ்வளவு?

நிறைய. 1983இல் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க், பெர்ட் வோகல்ஸ்டைன் இருவரும் புற்றுநோய்த் திசுவில் சில மரபணுக்கள் மெத்திலை இழந்திருப்பதைக் காட்டினார்கள். பிறகு எதிர்த் திசையிலும் தெரிந்தது: ஒட்டுமொத்தமாக மெத்தில் குறையும் அதே செல்லில், கட்டியைத் தடுக்கும் மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குவிந்து அவற்றை அடக்கிவிடுகிறது. பெருங்குடல் புற்றுநோயில் டிஎன்ஏ பிழைகளைச் சரிசெய்யும் எம்எல்எச்1 அப்படி அடங்குவது உண்டு. நடைமுறையில் இதற்கு ஒரு பயன் இருக்கிறது. கட்டியில் எம்எல்எச்1 இல்லை என்று தெரிந்தால், பரம்பரையாகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் லின்ச் நோய்க்குறியோ என்ற கவலை எழும். மெத்தில்தான் காரணம் என்று பரிசோதனை காட்டினால், பெரும்பாலும் அது பரம்பரையாக வந்தது கிடையாது. குடும்பத்துக்குக் கொஞ்சம் நிம்மதி.

எபிஜெனெடிக் மாற்றம் புற்றுநோயின் பின்விளைவுதானே என்று ஒருகாலத்தில் பலரும் சொன்னார்கள். அதற்கு வலுவான பதில் குழந்தைகளின் புற்றுநோய்களிலிருந்து வந்தது. ராப்டாய்ட் கட்டி என்ற கொடிய வகையில், நியூக்ளியோசோமை நகர்த்தும் ஸ்விஸ்னிஃப் இயந்திரத்தின் ஒரு பாகமான ஸ்மார்க்பி1 போய்விட்டிருக்கும், 1998இல் கண்டறிந்தார்கள். அதைத் தவிர மரபணுத் தொகுதியில் வேறு பிழையைத் தேடினால் மிகக் கொஞ்சமே கிடைக்கும். பின்னர் பார்த்தபோது, மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த இயந்திரத்தின் ஏதாவது ஒரு பாகம் பழுதாகியிருந்தது.

இன்னொன்று அந்த 27ஆம் இடம். குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் ஒரு வகைக் கட்டியில், எச்3 ஹிஸ்டோனின் 27ஆவது லைசின் மெத்தியோனினாக மாறியிருப்பதை 2012இல் கண்டார்கள். எச்3ஐ உருவாக்கும் மரபணுக்கள் பத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் ஒரே பிரதி மாறினால் போதும். மாறிய ஹிஸ்டோன், மெத்தில் ஒட்டும் நொதியையே முடக்கிவிடுவதால் நல்ல ஹிஸ்டோன்களிலும் 27ஆம் இடத்து மெத்தில் சரிகிறது. அடங்கியிருக்க வேண்டிய மரபணுக்கள் விழித்து, செல் முதிர்ச்சி அடையாமல் பிரிந்துகொண்டே போகிறது.

சில மூளைக் கட்டிகளில் பிறழ்ந்திருக்கும் ஐடிஎச்1 கதை வேறு மாதிரி. அது வளர்சிதை மாற்ற நொதி, குரோமாட்டினுக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும். ஆனால் பிறழ்ந்த ஐடிஎச்1 உருவாக்கும் ஒரு வேதிப்பொருள், மெத்திலை நீக்கும் டெட் நொதிகளின் கையைக் கட்டிவிடுகிறது. விளைவு, மெத்தில் தேங்குகிறது.

இதற்கு மருந்துகள் வந்துவிட்டனவா?

வந்துவிட்டன, ஆனால் ஆரம்பத்தில் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அசாசிட்டிடின் 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவில் தயாரானது. அப்போது அதைச் செல்லைக் கொல்லும் சாதாரண புற்றுநோய் மருந்தாகவே பார்த்தார்கள். 1980இல் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் இதைக் கொடுத்த எலிச் செல்கள் கண்ணாடித் தட்டில் தசைச் செல்களாக மாறியதையும், மருந்து மெத்திலை நீக்குவதே காரணம் என்பதையும் காட்டினார்கள். குறைந்த அளவில் கொடுத்தால் பலன் என்று புரிந்தபிறகு, 2004இல் மைலோடிஸ்பிளாஸ்டிக் நோய்க்குறி என்ற எலும்பு மஜ்ஜை நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அபாயம் கூடிய நோயாளிகளிடம் நடந்த ஒரு பெரிய சோதனையில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15 மாதம், இதைப் பெற்றவர்களுக்கு 24.5 மாதம்.

அசெட்டைலை நீக்கும் நொதியைத் தடுக்கும் வொரினோஸ்டாட் 2006இல் தோலில் வரும் ஒரு லிம்போமாவுக்கு (வெள்ளணுப் புற்றுநோய்) வந்தது. ஆனால் இந்த வகை மருந்துகள் ரத்தப் புற்றுநோய் அல்லாத கெட்டிக் கட்டிகளில் பெரும்பாலும் ஏமாற்றமே தந்தன. காரணம் ஊகிக்கக்கூடியதுதான்: மரபணுத் தொகுதி முழுக்கக் குறிகளைக் கலைக்கிற மருந்து, நல்ல குறி கெட்ட குறி என்று பார்க்காது. அடுத்த தலைமுறை மருந்துகள் குறிப்பிட்ட ஒரு பழுதைக் குறிவைக்கின்றன. 27ஆம் இடத்தில் மெத்தில் ஒட்டும் நொதியைத் தடுக்கும் டாஸெமெடோஸ்டாட் 2020இலும், குறிப்பிட்ட வகைக் கடும் ரத்தப் புற்றுநோய்க்கான ரெவுமெனிப் 2024இலும், ஐடிஎச் பிறழ்வுள்ள மூளைக் கட்டிக்கான வொராசிடெனிப் அதே 2024இலும் அமெரிக்க அனுமதி பெற்றன.

பழைய வலிப்பு மருந்தான வால்புரோயேட்டும் அசெட்டைல் நீக்கும் நொதியைத் தடுக்கும் என்று 2001இல் தெரியவந்தது. கர்ப்ப காலத்தில் அது சிசுவுக்குக் கேடு. ஆனால் யாரும் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் பேசித்தான் மாற்ற வேண்டும்.

அரிவாள் செல் சோகைக்கு வந்த புதிய சிகிச்சை எபிஜெனெடிக் சிகிச்சையா?

நேரடியாக இல்லை. அது டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் சிகிச்சை; 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. ஆனால் எங்கே வெட்டுவது என்று சொன்னது குரோமாட்டின் ஆராய்ச்சி. கருவில் இருந்த ஹீமோகுளோபின் திரும்ப வந்தால் நோய் தணியும். பிறந்தபின் அதை அடக்குவது பிசிஎல்11ஏ. அந்த மரபணுவையே உடைத்தால் மற்ற ரத்தச் செல்கள் பாதிக்கப்படும். சிவப்பணுவாக மாறும் செல்லில் மட்டும் அதை முடுக்கும் ஒரு சிறு பகுதியை, குரோமாட்டின் எங்கே திறந்திருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடித்தார்கள். வெட்டுவது அந்த இடத்தைத்தான். எந்தச் செல்லில் என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

சர்க்கரை நோய், மாரடைப்பு போன்ற பரவலான நோய்களுக்கும் இதுதான் காரணமா?

இங்கே நிதானம் தேவை. இந்த நோய்களோடு தொடர்புள்ள டிஎன்ஏ வேறுபாடுகளில் சுமார் 90 சதவீதம் புரதத்தை உருவாக்கும் பகுதிக்கு வெளியேதான் இருக்கின்றன. அவற்றில் பலவும் மரபணுவை முடுக்கும் குரோமாட்டின் பகுதிகளில் விழுகின்றன. அந்த அளவில் தொடர்பு உறுதி. ஆனால் 'சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் மெத்திலேஷன் மாற்றம்' என்று செய்தி வந்தால் யோசியுங்கள். நோயால் ரத்தத்தில் வெள்ளணு வகைகளின் விகிதம் மாறினாலே மொத்த மெத்தில் அளவு மாறித் தெரியும். எந்தச் செல்லும் தன் குறியை மாற்றியிருக்க வேண்டியதில்லை. தவிர, கணையத்தில் நடப்பதை ரத்தம் காட்ட வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

எதிர்பாராத ஒரு தொடர்பு இதயத்தில் கிடைத்தது. வயதாகும்போது பலருடைய எலும்பு மஜ்ஜையில் ஒரு தாய்ச் செல் பிறழ்ந்து, அதன் வாரிசுகள் பெருகிவிடுகின்றன. பிறழும் மரபணுக்களில் முன்னணியில் இருப்பவை மூன்று: டிஎன்எம்டி3ஏ, டெட்2, ஏஎஸ்எக்ஸ்எல்1. மூன்றுமே குரோமாட்டின் சம்பந்தப்பட்டவை. இப்படிப்பட்டவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் அபாயம் கூடும் என்பது எதிர்பார்த்ததே. மாரடைப்பு அபாயமும் கூடுவதுதான் ஆச்சரியம். டெட்2 இல்லாத வெள்ளணுக்கள் அழற்சியைத் தூண்டி ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவை வளர்க்கின்றன என்று எலி ஆய்வுகள் காட்டின.

தாத்தா பட்ட பட்டினி பேரனின் மரபணுவில் பதியுமா?

அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நடந்த பஞ்சம். அப்போது கருவானவர்களை சுமார் அறுபது ஆண்டு கழித்து அவர்களுடைய சொந்தச் சகோதர சகோதரிகளோடு ஒப்பிட்டபோது, ஐஜிஎஃப்2 என்ற மரபணுவருகே மெத்தில் சற்றுக் குறைந்திருந்தது. 2008இல் வந்த இந்த ஆய்வு நல்ல ஆய்வு. வித்தியாசம் சில சதவீதம்தான், பார்த்தது ரத்தத்தில். முக்கியமாக, அவர்கள் பட்டினியை நேரடியாகவே கருவில் அனுபவித்தவர்கள். யாரிடமிருந்தும் அதை 'வாரிசாக'ப் பெறவில்லை.

கர்ப்பிணி பட்டினி கிடந்தால் அவரும் சிசுவும் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. அந்தச் சிசு பெண்ணாக இருந்தால் அதனுள் உருவாகிக்கொண்டிருக்கும் முட்டைகளும், அதாவது நாளைய பேரக்குழந்தையும், நேரடியாகப் பாதிக்கப்படலாம். எனவே தாய்வழியில் உண்மையான தலைமுறை கடந்த பதிவு என்று சொல்லக் கொள்ளுப்பேரன் வரை போக வேண்டும். தாவரங்களிலும் புழுக்களிலும் அப்படிப் போவது நிரூபணமானது. பாலூட்டிகளில் முட்டை, விந்தணு உருவாகும்போது ஒருமுறையும், கருவுற்ற உடனே இன்னொரு முறையும் பெரும்பாலான குறிகள் துடைக்கப்படுகின்றன. இரண்டையும் தாண்டி மனிதரில் அனுபவத்தின் பதிவு போகிறது என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இன்னும் இல்லை. குடும்பத்துக்குள் துயரம் கடந்து போவது உண்மைதான். வளர்ப்பும் வறுமையும் பேச்சும் மௌனமும் போதும் அதற்கு.

உணவு, உடற்பயிற்சி, தியானம் மூலம் எபிஜெனோமை 'சரிசெய்ய' முடியுமா?

உங்கள் செல்களின் குறிகள் (எல்லாம் சேர்ந்ததுதான் எபிஜெனோம்) வாழ்க்கை முறைக்கேற்ப மாறுகின்றன, அது சரி. மிகத் தெளிவான சான்று புகைபிடித்தல். ஏஎச்ஆர்ஆர் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் புகைப்பவர்களின் ரத்தத்தில் மெத்தில் குறைந்திருக்கும். விட்ட பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறும். ஆனால் புகையை விடச் சொல்வதற்கு மெத்தில் காரணம் தேவையா என்ன? மாத்திரை விற்பவர்கள் சொல்லும் 'மெத்திலேஷனை அதிகரிக்கும்' என்ற வாசகத்துக்குப் பொருளே இல்லை: எந்த மரபணுவில், எந்தச் செல்லில்? புற்றுநோயில் சில இடங்களில் மெத்தில் கூடுவதுதான் பிரச்சினை. கர்ப்பத்துக்கு முன்பு ஃபோலிக் அமிலம் எடுப்பது வேறு விஷயம், அது சிசுவின் நரம்புக்குழல் குறைபாட்டைத் தடுக்க. அதற்கான சான்று தனியாக, உறுதியாக இருக்கிறது.

'எபிஜெனெடிக் வயது' பரிசோதனை வாங்கலாமா?

ஸ்டீவ் ஹார்வத் 2013இல் 353 மெத்தில் இடங்களை வைத்து ஒருவரின் வயதைச் சில வருட வித்தியாசத்துக்குள் கணித்தார். ஆராய்ச்சிக் கருவியாக அருமையானது, பெரிய குழுக்களை ஒப்பிடப் பயன்படும். தனி மனிதருக்கு 'உங்கள் வயது 47, உடலுக்கு 43' என்று வரும் அறிக்கையை வைத்துச் செய்வதற்கு மருத்துவரிடம் ஒன்றும் இல்லை. காசு உங்களுடையது.

மருத்துவமனையில் இப்போதே பயன்படும் மெத்திலேஷன் பரிசோதனைகள் எவை?

பிராடர்-வில்லி, எம்எல்எச்1 பற்றி ஏற்கெனவே சொன்னேன். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியில் எம்ஜிஎம்டி மரபணு மெத்திலால் அடங்கியிருந்தால் டெமோசோலோமைடு மருந்து நன்றாக வேலை செய்யும் என்று 2005இல் தெரிந்தது. இன்று அது வழக்கமான பரிசோதனை. நுண்ணோக்கியில் வகை புரியாத மூளைக் கட்டிகளை மெத்தில் கோலத்தை வைத்து வகைப்படுத்தும் முறை 2018இல் வந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டிலும் இடம்பெற்றது. மலத்தில் உதிரும் டிஎன்ஏவின் மெத்திலைப் பார்த்துப் பெருங்குடல் புற்றுநோயை அறிகுறி தெரியும் முன்பே தேடும் பரிசோதனை 2014 முதல் அமெரிக்காவில் உண்டு. கபுகி போன்ற நோய்களில் ரத்தத்திலேயே தனித்த மெத்தில் கோலம் தெரிவதால், மரபணு அறிக்கை 'பொருள் தெரியாத மாற்றம்' என்று கைவிரிக்கும்போது அது கைகொடுக்கிறது.

டிஎன்ஏவை வெட்டாமல் குறியை மட்டும் மாற்றும் சிகிச்சை வருமா?

வெட்டும் திறன் நீக்கிய கிரிஸ்பர் புரதம் அல்லது அதுபோல டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தைப் பிடிக்கும் புரதத்தோடு மெத்தில் ஒட்டும் நொதியை இணைத்து அனுப்புகிறார்கள். 2024இல் எலிகளில் கொழுப்பைக் கட்டுப்படுத்தும் பிசிஎஸ்கே9ஐ இப்படி ஒரே ஒரு தடவை கொடுத்து அடக்கியபோது, கிட்டத்தட்ட ஒரு வருடம் பாதியளவுக்குக் குறைந்தே இருந்தது. ஈரலில் ஒரு பகுதியை அகற்றி, மீதி வளர்ந்து ஈடுசெய்த பிறகும் அடக்கம் நீடித்தது. செல் பிரிந்தாலும் குறி கூடவே போகிறது என்பதற்கு நேரடிச் சான்று. ஈரலுக்கு மருந்தைக் கொண்டுசேர்ப்பது எளிது, மூளைக்கும் தசைக்கும் அப்படியல்ல. முதல் சிகிச்சைகள் ஈரல் நோய்களுக்கு வந்தால் அதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

முதல் குழந்தைக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறது. அடுத்த குழந்தைக்கும் வருமா?

நோயின் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, எந்த வழியில் வந்தது என்று தெரிய வேண்டும். ரெட், கபுகி இரண்டிலும் பிழை பெரும்பாலும் புதிதாகத் தோன்றியது, பெற்றோரின் ரத்தத்தில் இருக்காது. அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் முட்டையிலோ விந்தணுவிலோ மட்டும் பிழை ஒளிந்திருப்பது அபூர்வமாக நடப்பதால் பூஜ்யம் என்று சொல்ல மாட்டார்கள். எஃப்எஸ்எச்டி பெற்றோரில் ஒருவருக்கே இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 50 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு.

பிராடர்-வில்லியில் வித்தியாசம் இன்னும் கூர்மை. தந்தையின் துண்டு புதிதாக அறுந்து போனதாலோ, 15ஆம் குரோமோசோம் இரண்டும் தாயிடமிருந்தே வந்ததாலோ ஏற்பட்டிருந்தால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழ். ஆனால் மிகச் சில குடும்பங்களில், தந்தையின் குறியைப் பதிக்கும் கட்டுப்பாட்டு மையத்திலேயே ஒரு சிறு பகுதி இல்லாமல் இருக்கும். அந்தத் தந்தைக்கு எந்த நோயும் இருக்காது, ஏனென்றால் அவர் அதைத் தன் தாயிடமிருந்து பெற்றிருப்பார். தாய்வழி வந்தால் பிராடர்-வில்லி வராது. அவர் வழியாகப் போகும்போது 50 சதவீதம் வரை வரலாம். மெத்திலேஷன் பரிசோதனை இந்த மூன்றையும் ஒரே மாதிரிதான் காட்டும். எனவே 'மெத்திலேஷன் பாசிட்டிவ்' என்ற அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல், காரணத்தைப் பிரித்துச் சொல்லும் அடுத்த கட்டப் பரிசோதனையும் ஆயிற்றா என்று கேளுங்கள். முதல் குழந்தையின் எல்லா அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். கர்ப்பமான பிறகு போனால் அவகாசம் குறைவு.